அசையாமல் வாழும் கல்மீன்

கல்மீனுக்கு நீந்தத் தெரியும். ஆனாலும் அது நீந்துவது அபூர்வம். இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கின் வெப்பமண்டலப் பகுதியிலும், பவளப்பாறைகள் உள்ள ஆழம் குறைந்த கடலடியில், பாறை இடுக்கிலோ மணலில் பாதி புதைந்தோ ஒரே இடத்தில் மணிக்கணக்காகக் கிடக்கும். அதன் தோல், வாய், கண், துடுப்பு, முள், நஞ்சு எல்லாமே இந்த ஒரு பழக்கத்தையொட்டி அமைந்தவை. நஞ்சுள்ள மீன்களில் மிகக் கொடியது என்ற பெயரும் அதற்கு உண்டு. அந்தப் பெயர் வரக் காரணம் நஞ்சு மட்டுமில்லை. ஒருவர் மேலே கால் வைக்கும்வரை விலகாமல் கிடப்பதால்தான் அந்த நஞ்சு மனிதர் உடலுக்குள் போகிறது.

தேள்மீன்களும் சிங்கமீன்களும் கல்மீனுக்கு நெருங்கிய உறவு. கல்மீன்களின் பேரினம் சினான்சியா. அதில் பரவலாக அறியப்பட்டவை இரண்டு: பவளப்பாறைக் கல்மீனான சினான்சியா வெருகோசா, கழிமுகக் கல்மீனான சினான்சியா ஹோரிடா. இங்கே சொல்வது பெரும்பாலும் முதலாவதைப் பற்றியது. இரண்டாவதற்கு லின்னேயஸ் 1766இலேயே பெயர் வைத்துவிட்டார். வெருகோசாவின் விவரிப்பு 1801இல் அச்சேறியது. பெர்லினைச் சேர்ந்த மருத்துவர் மார்க்குஸ் எலீசர் பிளாக் எழுதிவந்த மீன் நூலை, 1799இல் அவர் இறந்தபின் யோஹான் கோட்லோப் ஷ்னைடர் முடித்து வெளியிட்டார். அந்த நூலில்தான் இந்த மீன் வருகிறது. பிளாக்குக்கும் தமிழ்க் கடற்கரைக்கும் ஒரு தொடர்பு உண்டு. தரங்கம்பாடி டேனிஷ் மிஷனில் இருந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் இங்கே கிடைத்த மீன்களைப் பாடம் செய்து அவருக்கு அனுப்பிவந்தார். கத்தாளை மீன்களில் ஒரு பேரினத்துக்கு பிளாக் சூட்டிய ஜானியஸ் என்ற பெயர் இவரை முன்னிட்டே வந்தது.

உருவத்துக்கு வருவோம். பவளப்பாறைக் கல்மீன் அதிகபட்சம் 40 செ.மீ. நீளம் வளரும், கண்ணில் படுபவை பெரும்பாலும் அதைவிடச் சிறியவை. நீளத்துக்குப் பொருந்தாத பருமன். தலை பெரியது, அகன்றது, மேலிருந்து அழுத்தியதுபோல் தட்டையானது. உடல் வாலை நோக்கிச் சட்டென்று குறுகிவிடும். தோலில் செதில் கிடையாது. தடித்துத் தொளதொளவென்று இருக்கும் தோலெங்கும் சிறிதும் பெரிதுமாக மருக்கள். மருவை அழுத்தினால் வெண்மையான திரவம் கசியும். மீனின் நிறம் இன்னதென்று சொல்வது கடினம். பழுப்பும் சாம்பலும் அடிப்படை. அதன்மேல் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு, ஊதா என்று திட்டுத்திட்டாக எதுவும் இருக்கலாம். சுண்ணாம்புப்பாசி படிந்த பாறைகளுக்கு நடுவே கிடப்பது சிவப்பாகவும், பவளச் சிதைவுகளில் கிடப்பது வெளிறியும் இருப்பதைக் காணலாம்.

நிறத்தோடு இந்த மறைப்பு நின்றுவிடுவதில்லை. அசையாமல் கிடக்கும் எந்தப் பரப்பிலும் கடல் தன் உயிர்களைக் குடியேற்றிவிடும். கல்மீனின் தோலும் அதற்கு விலக்கல்ல. பாசி முளைக்கிறது, நுண்ணுயிர்கள் ஒட்டுகின்றன, வண்டல் படிகிறது. பெரும்பாலான மீன்களுக்கு இது தொல்லை. கல்மீனுக்கோ இது கூடுதல் போர்வை. போர்வை மிகுந்துபோனால் தோலின் மேற்படலத்தை அப்படியே உரித்துப் போட்டுவிடும்.

வாய் முன்பக்கம் பார்த்து இராது. ஏறக்குறைய செங்குத்தாக மேல்நோக்கித் திறக்கும். அதன் விளிம்பில் தோல் இழைகள் குஞ்சம்போலத் தொங்குவதால், மூடியிருக்கும்போது வாய் எங்கே என்று கண்டுபிடிப்பதே சிரமம். கண்கள் சிறியவை, தலையின் உச்சியை ஒட்டியவை. உடல் முழுவதும் மணலுக்குள் போனாலும் கண்ணும் வாயும் மட்டும் வெளியே நிற்க இந்த அமைப்பு உதவுகிறது. இரண்டு இனங்களையும் பிரித்தறியவும் கண்ணே அடையாளம்: பவளப்பாறைக் கல்மீனின் இரு கண்களுக்கிடையே ஆழமான பள்ளம் இருக்கும், கழிமுகக் கல்மீனில் கண்கள் உயர்ந்து நிற்க, இரண்டையும் ஓர் எலும்பு மேடு இணைக்கும். உயிரோடு கிடக்கும் மீனைக் குனிந்து பார்த்து இதை உறுதிசெய்ய முயல்வது புத்திசாலித்தனம் இல்லை.

மார்புத் துடுப்புகள் இந்த மீனுக்குக் கைகளாகவே பயன்படுகின்றன. விசிறிபோல் விரிந்த, சதைப்பற்றுள்ள அந்த இரண்டு துடுப்புகளாலும் மணலை வாரி வாரிப் பக்கங்களில் தள்ளும். உடல் கீழே இறங்க இறங்க, தள்ளிய மணல் விலாவைச் சுற்றிக் குவியும். ஒருசில நொடிகளில் மீன் பாதி மறைந்துவிடும். வளர்ந்த கல்மீனுக்குக் காற்றுப்பை இல்லை. நடுநீரில் மிதந்து நிற்கும் மீன்களுக்கு இன்றியமையாத அந்த உறுப்பு, கடலடியிலேயே படுத்துக் கிடப்பதற்குத் தேவைப்படாமல் போயிற்று.

இப்படிக் கிடப்பது இரைக்காக. சிறு மீன்களும் இறால் வகைகளும் பாறை என்று நம்பி நெருங்கி வரும். ஒரு வாய்நீளத் தொலைவுக்குள் வந்ததும் தாடை திறக்கிறது. வாய்க்குள் திடீரென உண்டாகும் வெற்றிடம் நீரோடு இரையையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. இந்தச் செயலை அதிவேகப் படமெடுத்து ஆராய்ந்தவர்கள், அது ஏறத்தாழ 0.015 நொடியில் முடிந்துவிடுவதாகக் கண்டார்கள். கண் இமைக்க ஆகும் நேரத்தைவிட இது மிகக் குறைவு. பல மணி நேரச் சோம்பலும் இந்தக் கணநேர வேகமும் ஒரே உடலில் இருப்பது முரணாகத் தோன்றலாம். உண்மையில் துரத்துவதற்குச் செலவிட வேண்டிய ஆற்றல் முழுவதையும் மிச்சப்படுத்தி, தாடையின் ஒரே அசைவில் வைத்திருக்கிறது என்று சொல்வதே சரி. இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்: வேட்டையில் நஞ்சுக்கு எந்தப் பங்கும் இல்லை. பாம்பு இரையைக் கொல்ல நஞ்சைச் செலுத்துகிறது. கல்மீன் தன் நஞ்சை இரைமீது பயன்படுத்துவதே கிடையாது.

உறைவிடம் என்று பார்த்தால், செங்கடலும் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையும் மேற்கெல்லை. பிரெஞ்சு பாலினீசியா கிழக்கெல்லை. வடக்கே ஜப்பானின் ரியூக்யூ தீவுகள்வரையும், தெற்கே ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துவரையும் அது பரவியிருக்கிறது. மாலத்தீவு, லட்சத்தீவு, அந்தமான், இலங்கை எல்லாம் இந்த எல்லைக்குள் வருகின்றன. பாறைத் திட்டின் மேல்தளம், பவளச் சிதைவு குவிந்த தரை, ஓதம் வற்றினால் முழங்காலளவு நீர் தேங்கும் குழிகள், பாறையின் அடியிலுள்ள நிழல் இவையே அதற்குப் பிடித்த இடங்கள். ஏறத்தாழ 30 மீட்டர் ஆழம்வரை இறங்கும் என்றாலும், மனிதர் நடக்கும் ஆழத்திலேயே நிறையக் கிடக்கும். கழிமுகக் கல்மீன் சேறும் மணலும் கலந்த கலங்கல் நீரையும் ஏற்றுக்கொள்ளும்.

நீர் வற்றிப்போனாலும் அது அவசரப்பட்டு ஆழத்துக்கு ஓடுவதில்லை. ஈரம் இருந்தால் நீருக்கு வெளியே பல மணி நேரம் உயிரோடிருக்கும். வற்றிய பாறைத்தளத்தில் சிப்பி பொறுக்குபவர் கையில் எடுக்கும் கல், கல்லாக இல்லாமல் போவது இப்படித்தான்.

இனப்பெருக்கக் காலம் தவிர்த்துத் தனித்தே வாழும் மீன் இது. பெண் மீன் முட்டைகளைக் கடலடியில் இட, ஆண் மீன் அவற்றின்மேல் விந்தை வெளியிடும். அதற்குமேல் இரண்டுக்கும் ஒட்டுறவு இல்லை.

தற்காப்பில் முதல் அரண் மறைவு. அது பலிக்காதபோது முட்கள் வேலைசெய்கின்றன. முதுகில் 13 முட்கள், குதத் துடுப்பில் மூன்று, இரண்டு வயிற்றுத் துடுப்புகளிலும் ஒவ்வொன்று என வழக்கமாக மொத்தம் 18. அனைத்தும் நஞ்சுள்ளவை. சும்மா கிடக்கும்போது முதுகு முட்கள் தோலுக்குள் படிந்து கிடக்கும். மேலிருந்து பார்ப்பவருக்கு வரிசையாகச் சில மருக்கள் தெரியும், அவ்வளவுதான். தொல்லை நேர்ந்தால் முட்கள் நிமிர்ந்துகொள்ளும்.

ஒரு முள்ளைத் தனியே எடுத்துப் பார்ப்பது பயன் தரும். சிங்கமீனின் மெல்லிய முள்ளைப்போல் இல்லாமல் இது தடித்து உறுதியாக இருக்கும். மெல்லிய ரப்பர் செருப்பைத் துளைக்கும் வலு அதற்கு உண்டு. முள்ளின் இருபக்கமும் நீளவாக்கில் ஒவ்வொரு பள்ளம். பள்ளத்தின் நடுப்பகுதியில் உப்பியபடி ஒரு நஞ்சுப்பை; ஒரு முள்ளுக்கு இரண்டு பை. இவை எல்லாவற்றையும் போர்த்தியிருப்பது தளர்ந்த, மருப்படிந்த தோலுறை. கால் அழுந்தும்போது முள்ளின் முனை உறையைக் கிழித்துக்கொண்டு பாதத்துக்குள் இறங்குகிறது. உறை கீழ்நோக்கிச் சுருங்கி நஞ்சுப்பைகளைப் பிதுக்குகிறது. நஞ்சு பள்ளத்தின் வழியே மேலேறிக் காயத்துக்குள் பாய்கிறது. இந்தப் பொறியை இயக்க மீனிடம் தனித் தசை எதுவும் இல்லை. மிதிப்பவரின் எடையே அதை இயக்குகிறது. எவ்வளவு பலமாக மிதிக்கிறோமோ அவ்வளவு நஞ்சு. காலியான பைகள் பின்னர் மெல்ல நிரம்பிக்கொள்ளும்.

முட்களுக்கு அப்பால் இன்னோர் ஆயுதமும் இருப்பது அண்மைக்காலத்தில்தான் தெரியவந்தது. அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மீனியலாளர் டபிள்யூ. லியோ ஸ்மித், தாம் வளர்த்த, கல்மீனுக்கு உறவான குளவிமீன் ஒன்று இறந்தபின் அதை அறுத்துப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே, கண்ணீர் எலும்பு எனப்படும் எலும்பிலிருந்து ஒரு முள் நீண்டிருந்தது. அது பக்கவாட்டில் புரண்டு வெளியே நீட்டி, அப்படியே பூட்டிக்கொள்ளும் அமைப்பையும் பெற்றிருந்தது. தேடிப் பார்த்ததில் கல்மீன் கூட்டத்து மீன்கள் எல்லாவற்றிலும் இந்த மடக்குக் கத்தி இருப்பது தெரிந்தது. அவரும் உடன் பணியாற்றியோரும் 2018இல் இதை வெளியிட்டார்கள். விழுங்க வரும் பெரிய மீனின் வாயில் தலை அகலத்தைக் கூட்டிக் காட்டித் தப்புவதற்கு இது உதவக்கூடும். இருநூறு ஆண்டுகளாக அருங்காட்சியகச் சாடிகளில் இருந்த மீன்களில் இப்படியோர் உறுப்பு கவனிக்கப்படாமலே இருந்தது வியப்புதான்.

இனி நஞ்சு. அது பல புரதங்களின் கலவை. உயிர்க்கொல்லியான முக்கியக் கூறு கழிமுகக் கல்மீனிலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. அதைச் செய்தவர்கள் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆண்டு 1991. ஸ்டோனஸ்டாக்சின் என்று அதற்குப் பெயரிட்டார்கள். பவளப்பாறைக் கல்மீனிடம் உள்ள நெருங்கிய வடிவம் வெருகோடாக்சின் எனப்படுகிறது. ஸ்டோனஸ்டாக்சின் இரண்டு புரத அலகுகள் சேர்ந்தது. 2015இல் ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தினர் அதன் முப்பரிமாண அமைப்பைக் கண்டறிந்தபோது, மனித நோயெதிர்ப்புச் செல்கள் பயன்படுத்தும் பெர்ஃபோரின் என்ற புரதத்துக்கு இது தூரத்து உறவு என்று தெரிந்தது. பெர்ஃபோரின் நோயுற்ற செல்லின் சவ்வில் துளையிடும். கல்மீன் நஞ்சின் மூலக்கூறுகளும் கூட்டாகச் சேர்ந்து செல்சவ்வில் துளையிடுகின்றன. சிவப்பணுக்கள் உடைகின்றன, இரத்தக் குழாய்கள் கசிகின்றன, இரத்த அழுத்தம் சரிகிறது, இதயத் துடிப்பு தடுமாறுகிறது.

குத்துப்பட்டவருக்கு முதலில் தெரிவது வலி. அது உடனே தொடங்கி நிமிடங்களில் உச்சத்துக்குப் போகும். பாதத்தில் குத்தினால் தொடையின் இடுக்குவரை ஏறும். காயத்தைச் சுற்றி வெளிறி, நீலம் பாரித்து, கால் முழுதும் வீங்கும். வாந்தி, வியர்வை, மூச்சுத்திணறல், மயக்கம் தொடரலாம். வலியால் புத்தி கலங்கியவர்களைப் பற்றிய மருத்துவக் குறிப்புகள் உண்டு. இந்த வலியைத் தாமே அனுபவித்து எழுதியவர்களில் தென்னாப்பிரிக்க மீனியலாளர் ஜே. எல். பி. ஸ்மித் குறிப்பிடத்தக்கவர். அழிந்துபோனதாகக் கருதப்பட்ட சீலகாந்த் மீனை அடையாளம் கண்டு உலகுக்குச் சொன்னவர் அவர். மொசாம்பிக்கின் பிண்டா என்ற இடத்தில் மீன் சேகரித்தபோது அவரது கட்டைவிரலில் கல்மீன் முள் ஏறியது. அந்த அனுபவத்தை 1951இல் ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார். 1957இல் கல்மீன் குத்தியதால் விரைவாக நேர்ந்த இரண்டு மரணங்களையும் பதிவுசெய்தார்.

மரணம் அபூர்வம், ஆனால் நேரக்கூடியது. அதற்கு மாற்று 1959இல் வந்தது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் உள்ள காமன்வெல்த் சீரம் ஆய்வகம் கல்மீன் நஞ்சுமுறி மருந்தைத் தயாரித்தது. குதிரைக்குச் சிறுசிறு அளவில் நஞ்சைச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்து உருவாக்கும் மருந்து இது. பாம்புக்கடி மருந்து தயாராகும் அதே வழி. எவ்வளவு மருந்து தருவது என்பதை உடம்பில் பதிந்த துளைகளின் எண்ணிக்கை தீர்மானிக்கிறது: ஒன்று அல்லது இரண்டு துளைக்கு ஒரு குப்பி, மூன்று நான்குக்கு இரண்டு, அதற்கு மேல் மூன்று. மருத்துவர் முதலில் பாதத்திலுள்ள துளைகளை எண்ணிப் பார்க்க வேண்டியிருப்பதன் காரணம் இதுவே.

நஞ்சு புரதம் என்பதில் ஒரு நல்ல செய்தியும் அடங்கியிருக்கிறது. வெப்பம் பட்டால் அது சிதைகிறது. எனவே குத்துப்பட்ட கையையோ காலையோ தாங்கக்கூடிய அளவு சூடான நீரில், ஏறத்தாழ 45 பாகை செல்சியஸில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் அமிழ்த்தி வைப்பது முதலுதவியாகப் பரிந்துரைக்கப்படுகிறது. திருக்கை முள், கெளிற்று முள் குத்தியவர்களுக்கும் இதே சிகிச்சைதான். வெந்நீர் கொதிநீராகிவிடக் கூடாது. வலியில் உணர்விழந்த காலைச் சுட்டுப் புண்ணாக்கியவர்கள் உண்டு. பாம்புக்கடிக்குச் சில நாடுகளில் செய்வதுபோல் இறுக்கிக் கட்டுவது இங்கே தவறு. நஞ்சை ஓரிடத்தில் நிறுத்தி வைத்தால் வலியும் திசுச் சிதைவும் அங்கேயே பெருகும்.

சிங்கமீனோடு ஒப்பிட்டால் கல்மீனின் போக்கு இன்னும் தெளிவாகும். சிங்கமீனுக்கும் முதுகில் 13 நஞ்சுமுட்கள். ஆனால் அது செந்நிற வரிகளும் விரிந்த துடுப்புகளுமாகத் தன்னைக் காட்டிக்கொண்டே திரியும்; பார்த்தவர் ஒதுங்கிப் போவார். கல்மீன் எச்சரிப்பதில்லை. எச்சரித்தால் இரையும் ஓடிவிடும். மனிதருக்கு நேரும் விபத்து இந்த வேட்டை முறைக்குக் கிடைத்த பக்க விளைவு. தானாக வந்து தாக்கும் மீன் என்று சில தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் அதைக் காட்டுவது வெறும் மிகை. சில சுறாக்களும் திருக்கைகளும் கல்மீனைத் தின்பதாகவும் தெரிகிறது.

மனிதரும் தின்கிறார்கள். ஹாங்காங், தைவான், ஜப்பான், வியட்நாம் ஆகிய இடங்களில் கல்மீன் விலையுயர்ந்த உணவு. முட்களை வெட்டி எறிந்தபின் வெண்ணிறச் சதை சூப்புக்கும் வேகவைத்துப் பரிமாறவும் பயன்படுகிறது. ஜப்பானில் பச்சையாக மெல்லிய துண்டுகளாக நறுக்கியும் உண்கிறார்கள். நஞ்சு முட்களை ஒட்டியே இருப்பதால் சதைக்கு ஆபத்து இல்லை. பேத்தை மீனில் நிலைமை வேறு. அதன் நஞ்சு ஈரலிலும் முட்டையிலும் இருக்கும், சமைத்தாலும் போகாது.

கல்மீனின் எல்லை இப்போது விரிந்துவருகிறது. 1869இல் திறந்த சூயஸ் கால்வாய் வழியே செங்கடல் மீன்கள் பல மத்தியதரைக் கடலுக்குள் புகுந்துவிட்டன. 2010 வாக்கில் இஸ்ரேல் கரையோரத்தில் கல்மீன் பிடிபட்டது. பிறகு துருக்கி, லெபனான் பகுதிகளிலும் தென்பட்டது. தலைமுறை தலைமுறையாக வெறுங்காலோடு கடலில் இறங்கிப் பழகிய அந்தக் கரைகளுக்கு இது புதிய செய்தி.

தமிழ்நாட்டுக் கரையில் இந்தக் குடும்பத்தின் உறவினர்கள் இருப்பதை நினைவூட்டிய நிகழ்ச்சி 2020இல் நடந்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ராமநாதபுரம் மாவட்டம் சேதுக்கரைக்கு அருகே மன்னார் வளைகுடாவின் கடற்புல் பரப்பில் அரிய தேள்மீன் ஒன்றைக் கண்டார்கள். பவள எலும்பின் துண்டு என்றே முதலில் தோன்றியது. தொட்டதும் நிறம் மாறியது. மீன் என்று உறுதியானது அதற்குப் பிறகுதான். தினமும் கடலடியைப் பார்ப்பதே தொழிலாகக் கொண்டவர்களின் கண்ணையே அது ஏமாற்றிவிட்டது.

பவளப்பாறை உள்ள கடலில் இறங்குவோர் தடித்த அடிப்பாகம் கொண்ட காலணி அணிய வேண்டும். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடக்க வேண்டும். கல்லென்று தோன்றும் எதையும் வெறுங்கையால் புரட்டக் கூடாது. குத்திவிட்டால் கட்டுப்போடாமல், கீறாமல், வெந்நீரில் வைத்து, தாமதமின்றி மருத்துவமனைக்குப் போக வேண்டும்.